சேனல் என் பேர்லதான் இருக்கு

அது கம்பு இல்ல அண்ணாச்சி, ட்ரைபாடு. ஃபோனை அதுல மாட்டிப் படம் பிடிக்கது. உங்க கால்ல இடிக்கா? இந்தா, மடக்கி மேல வச்சிருதேன். நீங்களும் கோவில்பட்டிதானா? அப்பச் சரி. ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க. எனக்கு இன்னைக்கு எந்தக் காத்து அடிச்சாலும் சூடு இறங்காது.

மூஞ்சியப் பாத்தாலே தெரியுதாக்கும். தெரியட்டும்.

என்ன கேட்டிய? ஆமா, யூடியூப்தான். உங்க மகளும் அதைத்தான் சொல்லுதாளா? ப்ளஸ் டூ முடிச்சிட்டு, காலேஜ் எல்லாம் வேண்டாம், வீடியோ போடுத வேலைக்குப் போறேங்காளா? சரியான ஆள்கிட்டத்தான் கேட்டிருக்கீய. இந்தத் தொழில எப்படி ஆரம்பிக்கணும், எப்படி வளக்கணும், கூடப்பொறந்தவ கையால அது எப்படி நாசமாப் போகும், எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லுதேன். கயத்தாறு தாண்டுததுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன்.

ஸ்கூட்டர் அக்கான்னு ஒரு சேனல், கேள்விப்பட்டிருக்கீயளா? உங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க, தெரிஞ்சிருக்கும். அந்த அக்கா எனக்குத் தங்கச்சி. இசக்கியம்மா. அவதான் பேசுவா, அவ மூஞ்சிதான் வரும். ஆனா சேனல் என் பேர்லதான் இருக்கு. என் மெயில், என் நம்பர், என் பாஸ்வேர்டு. இதை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. ஏன்னா இன்னைக்கு ஒரு காலேஜ் புள்ளைக அத்தனை பேர் முன்னாடியும் அவ அதைத்தான் குத்திக் காட்டிப் பேசினா.

முதல்லருந்து வாரேன். அவ பாலிடெக்னிக்குல ஆட்டோமொபைல் படிச்சவ. வகுப்புல ஒத்தப் பொம்பளப்புள்ள. எங்க அப்பா அதுக்கு முன்னாடியே தவறிட்டாரு. நான்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்ஃபோன் கடை வச்சு அவளைப் படிக்க வச்சேன். முடிச்சதும் ஒரு ஸ்கூட்டர் ஷோரூம்ல, சர்வீஸ் பிரிவுல வேலை. வண்டி விட வாறவங்ககிட்ட என்ன கோளாறுன்னு கேட்டு எழுதணும். பொம்பளைகளுக்குச் சொல்லத் தெரியாது. 'ஒரு மாதிரி இழுக்கு', 'டொக்கு டொக்குங்கு', அவ்வளவுதான். மெக்கானிக்கு எதை மாத்தணும்னாலும் தலைய ஆட்டிட்டுப் போயிருவாங்க. அதைப் பாத்துப் பாத்து இவளுக்கு ஆத்தாமை. ஒருநா வீட்டு முன்னாடி என் பழைய ஸ்கூட்டரை நிறுத்தி, ஃபோனை மாவு டப்பா மேல சாய்ச்சு வச்சு, மழையில நனைஞ்ச வண்டி ஏன் கிளம்பாது, அதுக்கு நாமளே என்ன செய்யலாம், மெக்கானிக்கு என்ன சொன்னா நம்பலாம், என்ன சொன்னா நம்பக் கூடாதுன்னு பேசி எடுத்திருக்கா.

நான் சிரிச்சேன். "ஏட்டி, ஸ்பார்க் ப்ளக்கை எவ உக்காந்து பாப்பா?"ன்னேன். ஆனாலும் தங்கச்சியாச்சே. நான்தான் சேனல் ஆரம்பிச்சுக் கொடுத்தேன். அவ கேட்டா, "என் நம்பரையே போடலாம்லாண்ணே"ன்னு. "பொம்பளப்புள்ள நம்பர் எதுக்கு வெளிய போகணும், என்னுதைப் போடுதேன்"னேன். பாதுகாப்புக்குச் சொன்னது அண்ணாச்சி. வேற என்ன?

ஓடுச்சு பாருங்க அந்த வீடியோ. அந்த வருசம் மழை வேற வெளுத்து வாங்குச்சு. கீழ கமெண்டு பூரா பொம்பளைக. 'அக்கா, இன்னைக்கு நானே கிளப்பிட்டேன்.' 'அக்கா, என் வீட்டுக்காரர் அசந்துட்டாரு.' இவ வேலை முடிஞ்சு வந்து ஒவ்வொருத்திக்கும் பதில் போடுவா. "இதுல என்னட்டி இருக்கு, ஹார்ட்டைப் போட்டு விடு"ன்னா கேக்க மாட்டா. "அவங்க பேரைச் சொல்லிப் பதில் போட்டாத்தாண்ணே மறுபடி கேப்பாங்க"ன்னுவா. இந்த மாதிரிச் சின்னப் புத்தி. நான் பெருசா யோசிச்சேன். கடையைக் கூட்டாளிகிட்ட விட்டுட்டு முழுநேரமா இதுல இறங்கினேன். லைட்டு வாங்கினேன், மைக்கு வாங்கினேன், இந்த ட்ரைபாடு வாங்கினேன். அவளையும் வேலைய விடச் சொன்னேன்.

அவளுக்கு மனசே இல்ல. "அங்க இருந்தாத்தாண்ணே புதுசு புதுசா என்ன கோளாறு வருதுன்னு தெரியும்"னா. "இனிமே நமக்கு வண்டிக் கோளாறு எதுக்கு?"ன்னு கேட்டேன். சரியாத்தான கேட்டேன்? உங்க மகளுக்கும் இதைச் சொல்லுங்க. தெரிஞ்ச விசயத்தைச் சொல்லுதது ஆரம்பத்துக்குச் சரி. அதுக்குப் பிறகு ஜனங்களுக்கு ஆளுதான் வேணும். அவ காலையில என்ன சாப்பிட்டா, அம்மாகிட்ட என்ன ஏச்சு வாங்கினா, என்ன சேலை எடுத்தா, அது வேணும். நான் அதையெல்லாம் எடுத்தேன். தூங்கி எந்திரிக்கதை எடுத்தேன். பல்லியைத் தூக்கி மேல போட்டு அவ அலறுனதை எடுத்தேன். நல்லா ஓடுச்சு. "அண்ணே, கமெண்டுல ஒருத்தங்க பிரேக் பத்திக் கேட்டு எத்தனையோ நாளாச்சு, அதைப் போடுவோம்ணே"ன்னு நச்சரிப்பா. போடலாம் போடலாம்னு தள்ளிவிட்டுருவேன். நான் இல்லேன்னா அவ யாரு அண்ணாச்சி? ஷோரூம்ல சட்டையில பேர் குத்திக்கிட்டு நிக்கிற ஒருத்தி.

அப்பத்தான் சம்பந்தம் ஒண்ணு வந்துச்சு. சங்கரன்கோவில். மாப்பிள்ளை பேரு கோமதிநாயகம், கூட்டுறவு ஸ்டோர்ல வேலை. ஆளு கொஞ்சம் முன்வழுக்கை, மத்தபடி தங்கமான பையன். பொண்ணு பாக்க அவன் பைக்குலயே வந்தான். காப்பி குடிச்சிட்டு வெளிய போய், "வண்டியில ஒரு சத்தம் வருது, என்னன்னு பாக்கீங்களா?"ன்னு இவகிட்டக் கேட்டான். இவ பட்டுச்சேலையை இடுப்புல சொருகிட்டுக் குனிஞ்சு செயினைப் பாத்தா. ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க. எனக்கே சந்தோசமா இருந்துச்சு. எல்லாத்தையும் மாடியிலருந்து எடுத்துட்டேன்.

ஏன், எடுத்தா என்ன? நல்ல காரியம்தான? அவங்ககிட்டக் கேட்டியான்னு கேக்கீய. கேட்டா மூஞ்சி இறுகிப் போயிரும் அண்ணாச்சி, இயல்பா வராது. அது தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியும்.

அதுல ஒரு சின்ன இடம். வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்த மாப்பிள்ளையோட அம்மா, பாவம் வயசானவங்க, தட்டுல மிச்சமிருந்த லட்டையும் மிக்சரையும் பேரப்பிள்ளைக்குன்னு கைக்குட்டையில முடிஞ்சு இடுப்புல வச்சாங்க. அதுவும் பதிவாயிருச்சு. நான் அதைப் பெருசா நினைக்கல. வீடியோ போட்டதும் ஜனங்க பிடிச்சுக்கிட்டாங்க. பார்சல் மாமியார், பார்சல் மாமியார்னு ஒரே கேலி. அதை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு, எங்க பாத்தாலும் அதுதான். மாப்பிள்ளை தலையை வேற விட்டு வைக்கல. பேரு ஜனங்க வச்சது அண்ணாச்சி. அடுத்த வீடியோவைத் திறக்கதுக்கு முன்னாடி ஒரு படம் தெரியும்லா, அதுல நான் அந்தப் பேரைப் போட்டேன், அவ்வளவுதான். ஓடுத குதிரையை யாராவது நிறுத்துவாங்களா?

சம்பந்தம் நின்னு போச்சு. அந்தப் பையனே நேர்ல வந்தான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வாசல்ல நின்னுக்கிட்டே இவகிட்டச் சொன்னான், "எனக்கு உங்க மேல கோவம் இல்லங்க. எங்க அம்மா கடைக்குப் போக மாட்டேங்காங்க. கோயிலுக்கும் போக மாட்டேங்காங்க. வீட்டுல யாரு சாப்பிடக் கொடுத்தாலும் வேண்டாம்ங்காங்க." சொல்லிட்டுப் போயிட்டான்.

இவ வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தா. பிறகு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. கதவுல ஒரு ஓரமா விரிசல் உண்டு. அது வழியா எடுத்தேன்.

ஏன் அப்படிப் பாக்கீய? கேளுங்க முழுசா. 'இசக்கி கல்யாணம் ஏன் நின்னுச்சு'ன்னு போட்டேன். அவளுக்கு ஆதரவாத்தான் போட்டேன். அவ பக்கத்து நியாயத்தை உலகத்துக்கு யாரு சொல்லுவா? எங்க சேனல்லயே பெரிய வீடியோ அதுதான். எங்கெங்கயோ இருந்து, சிங்கப்பூருல இருந்து, ஆறுதல் சொன்னாங்க. கண்ணீர் ஒரிஜினல்லா. நடிச்சா வராது அது.

அவ பாத்தா. எங்க அம்மாவும் பாத்தாங்க. அம்மா கேட்டாங்க, "ஏல சுடலை, அவ ஒளிஞ்சுபோய் அழுதா. அங்கயுமா போய்ப் பிடிச்ச?" அம்மாவுக்கு இந்தத் தொழிலைப் பத்தி என்ன தெரியும். தங்கச்சி சத்தம் போடல, சண்டை போடல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "அண்ணே, அதை எடுத்துரு."

"எடுக்க முடியாதுட்டி. அதை வச்சுத்தான் சேனலே நிக்கி."

மறுநாளும் அதையே சொன்னா. சாப்பாடு வைக்கும்போது சொல்லுவா, துணி காயப்போடும்போது சொல்லுவா. வேற பேச்சே கிடையாது. "அதை எடுத்துருண்ணே." எனக்கு எரிச்சல் வந்துருச்சு. "சேனல் என் பேர்ல இருக்கு, எதை வைக்கணும் எதை எடுக்கணும்னு எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டேன். அதுக்கு மேல அவ கேக்கல. கேக்காம விட்டதும் சரியாயிட்டான்னு நினைச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, பையைத் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிட்டா. அம்மாவும் எதிர்ப்புச் சொல்லல. வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்காங்க. இன்னைக்கு அந்த அம்மாவும் அவகூடத்தான் இருக்காங்க. நான் ஒத்தையில கடையில சாப்பிடுதேன்.

மதுரையில ஒரு கம்பெனி. ஆசுபத்திரிக்கு, நகைக்கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் வீடியோ செஞ்சு கொடுக்கிற கம்பெனி. அங்க முதல்ல வீடியோவுக்குக் கீழ ஓடுத எழுத்தை அடிக்கிற வேலை. பிறகு என்ன பேசணும்னு எழுதிக் கொடுக்கிற வேலை. பிறகு வெட்டி ஒட்டுத வேலை. எல்லாத்தையும் படிச்சுக்கிட்டா. அப்புறம் ஒருநா சத்தமில்லாம புதுச் சேனல் ஒண்ணு. பேரு இசக்கியம்மாள். அவ்வளவுதான் பேரே. மூஞ்சி வராது. கையும் வண்டியும்தான் தெரியும், குரல் மட்டும் கேக்கும். பிரேக்கு, செயினு, ஆயிலு. நான் எதையெல்லாம் வேண்டாம்னு தள்ளினேனோ, அதையெல்லாம் போடுதா. அதையும் ஜனங்க பாக்காங்க அண்ணாச்சி, அதுலதான் என் வயிறு எரியுது.

நான் சும்மா விடுவேனா? ஸ்கூட்டர் அக்கா குரல் எங்க சேனலோட சொத்து. இன்னொருத்தி அதைத் திருடிட்டான்னு யூடியூப்காரங்ககிட்டப் புகார் கொடுத்தேன். கொஞ்ச நாள் அவ சேனலை முடக்கி வச்சாங்க. பிறகு ஏதேதோ காட்டித் திருப்பி வாங்கிட்டா. அப்பவாவது ஃபோன் பண்ணி ஏசுவான்னு பாத்தேன். இல்ல.

இங்க எங்க சேனல் படுத்துருச்சு. பழசையே எத்தனை நாளைக்குப் போடுதது? ஸ்கூட்டர் அக்கா எங்க, அக்கா எங்கன்னு கேட்டவங்களும் கேக்கதை நிறுத்திட்டாங்க.

அந்த நேரத்துல ஒரு நோட்டீஸு கண்ணுல படுது. திருநெல்வேலியில ஒரு பொம்பளப்புள்ளைக காலேஜ். டிஜிட்டல் துறையில என்னென்ன வேலை இருக்கு, எப்படித் தொடங்குததுன்னு கூட்டம். பேச வாறது யாரு? இசக்கியம்மாள். என் சேனலால ஆளானவ, என்னை விட்டுட்டு ஊருக்கு உபதேசம் பண்ண வாறா. நானும் போனேன். காலேஜ் கேட்டுல விடல. அவளோட அண்ணன்னு சொன்னேன், உடனே விட்டு, முன்வரிசையில நாற்காலி போட்டாங்க. மரியாதை பாத்தீயளா? நான் பின்னாடியே நின்னுக்கிட்டேன். ஃபோனை ட்ரைபாடுல மாட்டி, ஓட விட்டுட்டேன்.

பேசினா. சும்மா சொல்லக் கூடாது, தெளிவாத்தான் பேசினா. "மூஞ்சியைக் காட்டினாத்தான் இந்தத் துறைன்னு நினைக்காதீங்க. எழுதுறதுக்கு ஆள் வேணும், வெட்டி ஒட்ட ஆள் வேணும், குரல் கொடுக்க ஆள் வேணும். கீழ எழுத்துப் போடுறதுக்கு நல்ல தமிழ் தெரிஞ்ச ஆள் கிடைக்காம கம்பெனிக்காரங்க அலையிறாங்க. உங்க தெருவுல இருக்கிற பேக்கரிக்கு ஃபேஸ்புக்குல ஒரு பக்கம் நடத்திக் கொடுத்துப் பழகுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விசயத்தை, அது தெரியாத ஒருத்திக்குச் சொல்லுங்க. இருக்கிற ஃபோன் போதும். படம் மங்கலா இருந்தாலும் பாப்பாங்க, குரல் கேக்கலேன்னா போயிருவாங்க"ன்னா. புள்ளைக எழுதிக்கிட்டே இருக்கு.

அதோட நிறுத்திருக்கலாம்லா? இல்லியே. "எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. கணக்கை உங்க பேர்ல ஆரம்பிங்க, உங்க நம்பர்ல. பாஸ்வேர்டு உங்க தலைக்குள்ள மட்டும் இருக்கட்டும். அப்பா கேட்டாலும், அண்ணன் கேட்டாலும், நாளைக்குக் கட்டிக்கிறவன் கேட்டாலும் கொடுக்காதீங்க. பாதுகாப்புக்குத்தான்னு சொல்லுவாங்க. சொன்னாலும் கொடுக்காதீங்க."

கை தட்டுதுக. எனக்கு உடம்பு பூரா தீப் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. யாரைச் சொல்லுதா? என்னைத்தான் சொல்லுதா. கேள்வி கேக்கலாம்னு சொன்னதும் மைக்கை வாங்கினேன். "இவ்வளவு பேசுதீங்களே, இந்தத் தொழிலை உங்களுக்கு யாரு கத்துக் கொடுத்தா? அவர் பேரை ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

அப்பத்தான் என்னைப் பாத்தா. பிறகு புள்ளைகளைப் பாத்து, "இவங்க எங்க அண்ணன், சுடலைமுத்து"ன்னா. அப்புறம் என்னைப் பாத்துக் கேக்கா, "அண்ணே, அந்த வீடியோவை எடுத்துட்டியா?"

அத்தனை பேர் முன்னாடி கேக்கா அண்ணாச்சி. குடும்ப விசயத்தை.

அதுக்குள்ள அந்த வீடியோ தெரிஞ்ச புள்ளை எதுவோ ஃபோன்ல தேடி எடுத்துருச்சு. பின்வரிசையில ஒரு ஃபோன்ல இருந்து அழுகைச் சத்தம் வருது. அடுப்படியில அழுதது. அங்கயிருந்து இன்னொரு ஃபோன்ல. நடுவுல இன்னொண்ணு. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, ஹால் பூரா அவ அழுத சத்தம். அவ மேடையில நிக்கா. டீச்சரம்மா ஒருத்தங்க எந்திரிச்சு ஃபோனை அமத்துங்க, அமத்துங்கன்னு ஓடி வந்தாங்க. அதுக்கு முன்னாடியே அதுகளே அமத்திருச்சு. பக்கத்துல இருந்த ஒரு புள்ளை ஃபோனைக் கவுத்து மடியில வச்சிட்டு என்னைத் திரும்பிப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை. எங்கயோ திருடினவனைப் பாக்க மாதிரி. நான் என்ன திருடினேன்?

மேடையில இவ சொல்லுதா, "அது நான்தான். எங்க வீட்டு அடுப்படி." பிறகு, "சரி, அடுத்த கேள்வி"ன்னா.

அடுத்த கேள்வியாம். நான் அங்க நிக்கேன், மைக்கு என் கையில இருக்கு. ஒருத்தி வந்து அதை வாங்கிட்டுப் போயி, குரல் பதிவு பண்ண எந்த மைக்கு வாங்கலாம்க்கான்னு கேக்கா. இவளும் துணி பீரோவுக்குள்ள தலைய விட்டுப் பேசுனா எதிரொலி வராதுன்னு சொல்லிக்கிட்டிருக்கா. சிரிக்காளுக எல்லாரும். என் கேள்விக்குப் பதில் எங்க? யாரு கத்துக் கொடுத்தான்னு கேட்டேன்லா? பேரைத்தான சொன்னா, கத்துக் கொடுத்தவருன்னு சொன்னாளா?

நான் விடல. கேட்டுக்கு வெளிய போய் வேப்பமரத்தடியில நின்னேன். எந்த வழியா வந்தாலும் அவ அந்த வழியாத்தான வரணும். வந்தா. என்னைப் பாத்ததும் வண்டியை நிறுத்திட்டு இறங்கினா. ஒளிஞ்சு ஓடல, அதை ஒத்துக்கிடுதேன்.

அதுவும் இருக்கு, காட்டுதேன். எல்லாம் பதிவாயிருக்கு. இந்தா, பாருங்க. வெயில் அடிக்கி, ஃபோனைக் கொஞ்சம் உங்க பக்கம் சாய்ச்சுக்கிடுங்க. ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கால்லா, அதான் அவ. மெலிஞ்சிருக்கா. இப்ப ஏதோ சொல்லுதா பாருங்க, லாரி போனதுல சரியாக் கேக்கல. "ஃபோனை நிறுத்துண்ணே, பேசுவோம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுவோம்"ங்கா. நான் நிறுத்துவேனா? நாளைக்கு அவ மாத்திச் சொன்னா எனக்கு என்ன ஆதாரம்?

நிக்கா பாருங்க. நின்னுக்கிட்டே இருக்கா. இந்தா, இது என் சத்தம், "சொல்லுட்டி, நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன், சொல்லு"ங்கேன். கேக்குதுல்லா? இந்த இடத்துல மூஞ்சியைக் கிட்டக் கொண்டு வந்திருக்கேன். அழுவான்னு பாத்தேன். அழல. ஃபோனையே பாத்துக்கிட்டு நிக்கா. எவ்வளவு நேரமா நிக்கா பாருங்க. இந்தா, இப்ப ஹெல்மெட்டை மாட்டுதா. வண்டியைத் திருப்புதா. போயிட்டா.

கூடப்பொறந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசல அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க, பேசினாளா? இருங்க, இன்னொருக்காப் போடுதேன். நல்லாப் பாருங்க.